உப்புத் தண்ணி ஊரில் பாத்ரூம் கழுவுவது எப்படி

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். ஆற்றில் நல்ல மழை பெய்த வருஷம் தண்ணீர் வருகிறது, நாமும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர்தான். குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு, குளிக்க, துவைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் மோட்டாரைப் போடுகிற வீடுகளே அதிகம். ஆர்.ஓ. போட வருகிற பையன் பேனா மாதிரி ஒரு மீட்டரை அந்தத் தண்ணீரில் விட்டுக் காட்டுவான். குடிக்கிற தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது கணக்கு. நம் தெருப் போர்களில் அந்த எண் எங்கேயோ போய் நிற்கும். அந்த உப்பெல்லாம் கடைசியில் எங்கே படிகிறது? பாத்ரூம் குழாயிலும் பக்கெட்டிலும் டைல்ஸிலும்தான்.

தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் சில அறைகள் இருக்கின்றன. சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வருகிற வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பெரும்பாலும் கல்கத்தா பக்கம், ஜார்க்கண்ட், அசாம். ஒரு குடும்பம் காலையில் காலி செய்தால் மத்தியானம் அடுத்த குடும்பம் பெட்டியோடு படியேறி வரும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் பாத்ரூம் பளிச்சென்று ஆகிவிட வேண்டும். அதுவும் நெடி இல்லாமல். கீமோ எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் பினாயில் வாசனை பட்டாலே குமட்டிக்கொண்டு வரும். "தீதி, கந்தா" (அக்கா, நாற்றம்) என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் சமையலறையில் இருப்பதையும் மளிகைக் கடையில் கிடைப்பதையும் வைத்துத்தான் எங்கள் வீட்டில் பாத்ரூம் கழுவுகிறோம். எப்படி என்று எழுதச் சொல்லி என் நாத்தனார் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்காகவும் மற்றவர்களுக்காகவும் இது.

முதலில் பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள். கறையைப் பாருங்கள். வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தால் அது தண்ணீரின் உப்பு. அதற்குப் புளிப்பு வேண்டும். பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் எண்ணெய், சோப்பு, அதற்குச் சோடா. டைல்ஸ் சந்தில் கறுப்புப் புள்ளியாக இருந்தால் பூஞ்சணம். அதற்கு பிளீச்சிங் பவுடர். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குப் போட்டுவிட்டு முழங்கை வலிக்கத் தேய்ப்பதால்தான் பாத்ரூம் கழுவுவது என்றாலே எல்லோருக்கும் அலுப்பாக இருக்கிறது.

வெள்ளைக் கறை

இந்த ஊரில் முக்கால்வாசி வேலை இதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், தண்ணீர் காய்ந்ததும் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகின்றன. சோப்புப் பவுடரால் அது அசையாது. புளிப்புப் பட்டால் கரையும். எலுமிச்சை, புளி, வினிகர், நன்றாகப் புளித்த மோர், எது கையில் இருக்கிறதோ அது. வெயில் காலத்தில் நேதாஜி மார்க்கெட்டில் எலுமிச்சை விலை கேட்டால் தலை சுற்றும். அப்போது புளிக்குப் போய்விடுங்கள். நிறைய வேலை இருந்தால் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றோ சிட்ரிக் ஆசிட் என்றோ கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் கரைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட இதுதான் மலிவு. வாசனையும் கிடையாது.

குழாயில் இருந்து ஆரம்பிப்போம். சாறு பிழிந்த எலுமிச்சை மூடியைக் குழாய் வாயில் தொப்பி மாதிரி கவிழ்த்து, ரப்பர் பேண்டு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். படிவின் மேல் புளிப்புப் பட்டதும் பொடிப்பொடியாக நுரை கிளம்பும். கிட்டப்போய்க் கேட்டால் மெல்லச் சீறுகிற சத்தம்கூடக் கேட்கும். நுரை வந்துகொண்டிருக்கிற வரை வேலை நடக்கிறது என்று அர்த்தம். படிவு இன்னும் பாக்கி இருக்கும்போதே நுரை நின்றுபோனால், அந்தச் சாற்றின் சக்தி தீர்ந்துவிட்டது, புதிதாக ஊற்ற வேண்டும். இது தெரியாமல், தீர்ந்துபோன சாற்றின் மேலேயே தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அரை மணி கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு சுற்று சுற்றினால் மாவு மாதிரி உதிர்ந்துவிடும். குழாய் வாயில் குட்டிச் சல்லடை வைத்திருந்தால் அதைத் திருகிக் கழற்றி ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். தண்ணீர் மெலிசாக வருகிறது என்று மோட்டாரையும் டேங்க்கையும் குறை சொல்வோம். அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தச் சல்லடையாக இருக்கும்.

ஷவருக்கு ஆவின் பால் கவர் ஒன்று போதும். கவரில் பாதிக்கு வினிகரோ எலுமிச்சை உப்புத் தண்ணீரோ ஊற்றி, ஷவர் முகம் அதில் மூழ்கும்படி மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்து, தண்ணீரை வேகமாகத் திறந்து விட்டால் துளையில் இருந்த வெள்ளைக் கட்டியெல்லாம் தெறித்து வரும். அடம்பிடிக்கிற துளையை ஊசியால் குத்தலாம். பளபள முலாம் பூசிய குழாயையும் ஷவரையும் ராத்திரி முழுக்கப் புளிப்பில் ஊற வைக்காதீர்கள், முலாம் மங்கிவிடும். ஸ்டீல் நாரையும் உப்பையும் அதன் மேல் வைக்கவே கூடாது. பழைய வீட்டுப் பித்தளைக் குழாய் என்றால் கவலையில்லை. குழம்புக்குக் கரைத்த புளிச் சக்கையோடு கொஞ்சம் கல் உப்பு சேர்த்துத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிடும்.

டைல்ஸ் சுவரில் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் திரை படிந்திருக்கும். அது வெறும் உப்பு இல்லை. சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து உண்டாகிற ஒட்டல். நம் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதே, அதே சமாச்சாரம்தான் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு இரண்டு வேலை. முதலில் எலுமிச்சை உப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்துத் தடவிக் கால் மணி விட்டுக் கழுவ வேண்டும். அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரால் ஒரு தேய்ப்பு. முதலாவது அந்த ஒட்டலை உடைக்கும், இரண்டாவது அதில் இருக்கும் கொழுப்பை எடுக்கும். ஒன்றை மட்டும் செய்தால் சுவர் ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருக்கும், காய்ந்ததும் பழையபடி மங்கும்.

ஒரு முக்கியமான விஷயம். உங்கள் பாத்ரூம் தரை எந்தக் கல் என்று தெரியாமல் புளிப்பைக் கொட்டாதீர்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கடப்பாக்கல், மொசைக், வெறும் சிமென்ட் தரை நிறைய. கடப்பாக்கல்லே சுண்ணாம்புக் கல்தான். மொசைக்கில் பளிங்குச் சில்லு. புளிப்புக்குக் கறை வேறு, கல் வேறு என்று தெரியாது, இரண்டையும் தின்னும். ஒரு எலுமிச்சை மூடியைக் கடப்பாக்கல் திண்டில் கவிழ்த்து மறந்துவிட்டால், வட்டமாகச் சாம்பல் நிறத் தடம் விழுந்து அது என்ன செய்தாலும் போகாது. அந்தத் தரைகளுக்குச் சோப்பும் தேங்காய் நாரும் போதும்.

தெருவில் வண்டியில் கூவிக்கொண்டு விற்கிற ஆசிட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு அது இல்லாமல் ஆகாது. ஊற்றினதும் புகை கிளம்பும், கண் எரியும், கறையும் போகும், மறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிற பிளம்பர் பாய், அத்தை வீட்டுக் குழாயைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, பாலீஷே காணோம். ஆசிட் ஊத்திக்கினே இருந்தா டேப்பு மட்டுமா போவும்? டைல்ஸ் சந்துல இருக்கிற சிமென்ட்டும் கரைஞ்சிப் போயிடும். அப்பறம் கீழ் வீட்டு சீலிங்ல தண்ணி சொட்டுதுன்னு என்னியக் கூப்புடுவீங்க." அத்தை சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆசிட் பாட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வழுக்குகிற தரை

வங்காளத்துக் குடும்பங்கள் குளிக்கும் முன் கடுகெண்ணெயை உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்வார்கள். நாம் சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்க்கிறோம், அவர்களில் பலருக்குத் தினமும் எண்ணெய். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தரையில் சொட்டின எண்ணெயின் மேல் சோப்பும் சேர்ந்தால், அறுவை சிகிச்சை முடிந்து வந்திருக்கிற நோயாளி கால் வைக்கிற இடம் அது. அதனால் எங்கள் வீட்டில் எதை விட்டாலும் தரையை விடமாட்டோம்.

எண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றினால் அது பரவத்தான் செய்யும். காய்ந்த தரையில் முதலில் வேலை. சலவைச் சோடாவைக் கோலப்பொடி தூவுகிற மாதிரி தூவுங்கள். அது இல்லையென்றால் ஆப்ப சோடா, கொஞ்சம் கூடுதலாக. சலவைச் சோடாவுக்குக் காரம் அதிகம், கையில் ரப்பர் உறையோ பாலிதீன் கவரோ போட்டுக்கொள்ளுங்கள். மேலே ஒரு செம்பு வெந்நீர் தெளித்துப் பத்து நிமிஷம் விட்டால் எண்ணெய் சோப்பு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். பிறகு துடைப்பத்தால் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். செருப்பில்லாமல் கால் பெருவிரலை அழுத்தி இழுத்துப் பாருங்கள். கிரீச்சென்று பிடித்தால் சரி. வழுக்கினால் இன்னொரு தடவை. சீயக்காய்த் தூளும் அரப்பும் இதே வேலையைச் செய்யும். அலமாரியில் பழசாகிக் கிடக்கிற சீயக்காய் இருந்தால் இதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிர் நிற டைல்ஸ் சந்தில் அதன் நிறம் நிற்கும், கறுப்புத் தரைக்குத்தான் அது லாயக்கு.

யூடியூபில் ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி, பொங்கி வருவதைக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது ஒரு மாதிரி உப்புத் தண்ணீர். அது நமக்குக் குழாயிலேயே வருகிறது. சோடாவால் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகு புளிப்பு போடுங்கள், இரண்டுக்கும் வேலை இருக்கும்.

கறுப்பு, மஞ்சள், சிவப்பு

டைல்ஸ் சந்தில், கதவின் அடிப்பாகத்தில், வாஷ்பேசின் விளிம்பில் வருகிற கறுப்புப் பூஞ்சணத்துக்கு ஒரு மக்கு தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சற்று நேரம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே நிற்கிற தெளிவை மட்டும் எடுத்து டூத் பிரஷ்ஷால் சந்தில் தடவிப் பத்து நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும். கலங்கலோடு ஊற்றினால் வெள்ளைக் கறையை நாமே கொண்டுவந்து வைத்ததாக ஆகிவிடும். வெந்நீரில் கரைக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். டப்பாவை இறுக்கமாக மூடி நிழலில் வைக்காவிட்டால் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அது வெறும் சுண்ணாம்பாகிப் போகும். மூக்கில் ஏறுகிற வாசனை இல்லாத பிளீச்சிங் பவுடரால் பிரயோஜனம் இல்லை.

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்: பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பும் சேரக் கூடாது. எலுமிச்சை, வினிகர், ஆசிட், கடையில் வாங்குகிற டாய்லெட் கிளீனர் எதுவும். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கிற பாத்ரூமில் மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் புளிப்பு ஒரு நாள், பிளீச்சிங் வேறொரு நாள் என்று வைத்திருக்கிறோம். மூத்திரத்தின் மேலும் பிளீச்சிங்கைக் கொட்டாதீர்கள். அதிலும் கெட்ட வாயு வரும். முதலில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிட்டு அப்புறம்.

கக்கூஸ் பேசினில் இருக்கிற மஞ்சள் பழுப்புக் கறை, உப்புத் தண்ணீரும் மூத்திரமும் சேர்ந்து கெட்டியான படிவு. இதற்கும் புளிப்புதான், ஆனால் நேரம் வேண்டும். ஒரு பக்கெட் தண்ணீரை வேகமாக ஊற்றி உள்ளே நிற்கிற தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள். பழைய காட்டன் துணியையோ செய்தித்தாளையோ எலுமிச்சை உப்புத் தண்ணீரில் முக்கி, கறையின் மேல் ஒட்டின மாதிரி படுக்க வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். பீங்கானுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. காலையில் துணியை எடுத்துவிட்டுத் தேய்த்தால் ஏடு ஏடாகப் பெயரும். வருஷக் கணக்கில் படிந்ததென்றால் இரண்டு மூன்று ராத்திரி ஆகலாம். துணியை எடுக்க மறந்து உள்ளே தள்ளி விட்டீர்களானால் அப்புறம் பிளம்பர் பாயைத்தான் கூப்பிட வேண்டும்.

மஞ்சள் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் சுவரில் மஞ்சள் திட்டு இருக்கும். அதன் மேல் சோப்போ சோடாவோ பட்டதும் ரத்தம் மாதிரி சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. பிளீச்சிங் தெளிவு தடவினால் போய்விடும். பிளாஸ்டிக் பக்கெட், மக்கு என்றால் கழுவி மொட்டை மாடி வெயிலில் கவிழ்த்து வையுங்கள், வெயிலே அதை வெளுத்துவிடும். பிளேடும் சேஃப்டி பின்னும் கிடந்து பிடித்த துரு வட்டத்துக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும். கண்ணாடியிலும் டைல்ஸிலும் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிற ஸ்டிக்கர் பொட்டுக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. சற்று ஊறியதும் விரலால் வழித்தால் பசையோடு வந்துவிடும். எத்தனை குடும்பம் வந்து போனாலும் இந்தப் பொட்டு மட்டும் எந்த மாநிலத்துக்காரர் அறையிலும் மிஞ்சுகிறது.

நாற்றம்

பினாயிலை ஊற்றி நாற்றத்தை மூடி வைப்பது என் மாமியார் காலத்துப் பழக்கம். ரசகற்பூர உருண்டை போடுவது இன்னொன்று. அதன் ஆவியை நோயாளியும் கைக்குழந்தையும் சுவாசிப்பது நல்லதில்லை, நாங்கள் நிறுத்திவிட்டோம். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் இரண்டுமே வேண்டாம்.

கழுவி முடித்துப் பூட்டி வைத்த அறையைச் சில நாள் கழித்துத் திறந்தால் சாக்கடை நாற்றம் அடிக்கும். எல்லாம் சுத்தமாகத்தானே இருந்தது என்று தோன்றும். தரையில் தண்ணீர் போகிற ஜல்லடைக்குக் கீழே வளைவான ஒரு கிண்ணம் இருக்கிறது, பிளம்பர்கள் நானி டிராப் என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிற மூடி. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற மாதங்களில், புழங்காத பாத்ரூமில் அது காய்ந்துபோகிறது. மருந்து ரொம்பச் சுலபம்: ஒரு மக்கு தண்ணீர். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் ஊற்றிய பிறகு அதன் மேல் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும்.

புழங்குகிற பாத்ரூமிலேயே நாற்றம் என்றால் ஜல்லடையைத் தூக்கிப் பாருங்கள். தலைமுடி, சோப்புத் துண்டு, ஷாம்பு பாக்கெட்டின் மூலை எல்லாம் சேர்ந்து கொழகொழவென்று இருக்கும். தென்னந்துடைப்பத்தில் இருந்து ஒரு கெட்டி ஈர்க்குச்சியை உருவி, நுனியை வளைத்து முடியைச் சுற்றி இழுங்கள். முடியை வெளியே எடுக்காமல் என்ன ஊற்றினாலும் வீண். எடுத்தபிறகு அரை டம்ளர் சலவைச் சோடாவைப் போட்டு, கை பொறுக்காத சூட்டில் ஒரு குடம் வெந்நீர் விடுங்கள். அடுப்பில் இருந்து இறக்கின கொதிநீர் வேண்டாம், இப்போதெல்லாம் பி.வி.சி. குழாய், சூட்டுக்கு இளகும்.

கடைசித் தண்ணீர்

இவ்வளவும் செய்துவிட்டுப் போர் தண்ணீரால் அலசி அப்படியே விட்டால் மறுநாளே வெள்ளைப் புள்ளி தெரியும். கண்ணாடி, குழாய், எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்துச் சுவிட்ச் போர்டு ஓரம் எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். ஏசி இருக்கிற வீடு என்றால் வெளியே சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வையுங்கள். அதில் உப்பே இருக்காது. அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்து, மேலே செய்தித்தாளால் ஒரு துடைப்பு துடைத்தால் தடமே தெரியாது. ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியே போகிற கழிவுத் தண்ணீர் இதற்கு நேர் எதிர். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். சேமிக்கிறோம் என்று அதைப் பக்கெட்டில் பிடித்துச் சுவரைக் கழுவுகிறவர்கள் உண்டு. கக்கூஸில் ஊற்ற மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தரைக்குத் தண்ணீர் தள்ளுகிற வைப்பர். குளித்து முடித்த ஒவ்வொருவரும் வெளியே வரும்போது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்தால், மேலே எழுதினதில் பாதி வேலை உங்களுக்கு வராது. எங்கள் மாடியில் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து வைப்பரை மாட்டி, பக்கத்தில் படம் போட்ட காகிதம் ஒட்டியிருக்கிறோம், எந்த பாஷைக்காரருக்கும் புரியும். பாதிப் பேர் செய்கிறார்கள்.